குழாய் ரிப்பேர் டாக்டர் சார்லஸ் டாட்டர்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கும் புரியுற ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பெரிய பைப் ஒரு ஃபில்டருக்குள்ள போகுது. ஃபில்டர் அடைச்சுக்கிச்சு. பின்னாடியிருந்து தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. என்ன ஆகும்? பைப்பில் பிரஷர் ஏறும், தண்ணி எங்கேயாவது சந்து பொந்து கிடைச்சா அந்தப் பக்கம் திரும்பும். அந்தச் சந்து மெல்லிசான குழாயா இருந்தா ஒரு நாள் வெடிக்கும்.

நம்ம உடம்பில் அந்த ஃபில்டர் கல்லீரல். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டு போகும் பெரிய குழாய்க்குப் போர்ட்டல் சிரை என்று பெயர். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இது வழியாத்தான் போகிறது. குடியாலோ, ஹெபடைடிஸ் பி, சி மாதிரியான கிருமிகளாலோ கல்லீரல் தழும்பேறிக் கெட்டியாகிவிட்டால், அதுதான் சிரோசிஸ், ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் வழி மாறும். உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேல்பகுதியிலும் இருக்கிற சின்னச் சின்னச் சிரைகள் இந்த ரத்தத்தைச் சுமந்து புழு மாதிரி நெளிந்து வீங்கும். விட்டம் கூடக் கூட, சுவர் மெலிய மெலிய, சுவரின் மேல் விழும் இழுவிசை ஏறும். பிரஷர் வெஸல் டிசைனில் படிக்கிற அதே சமாச்சாரம்தான். போர்ட்டல் சிரைக்கும் கல்லீரலைத் தாண்டிய சிரைக்கும் நடுவே அழுத்த வித்தியாசம் சுமார் 12 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் உடையும் அபாயம் வந்துவிடும். உடைந்தால் நோயாளி வாய் வழியாக ரத்தமாக வாந்தி எடுப்பார். பல நேரம் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கே நேரம் இருக்காது.

இதை வயிற்றைக் கிழிக்காமல், உள்ளேயே ஒரு பைபாஸ் லைன் போட்டுச் சரிசெய்யலாம் என்கிற யோசனைக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகும் பாதையில் நிற்கிற ஆள்தான் சார்லஸ் டாட்டர். டாக்டர்தான், ஆனால் மனசளவில் மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் ஆள்.

1920-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தார். சின்ன வயசிலிருந்தே எந்த மெஷினைப் பார்த்தாலும் பிரித்து, திரும்ப மாட்டிப் பார்க்கிற பழக்கம். ட்யூக் பல்கலைக்கழகத்தில் டிகிரி, கார்னெலில் மருத்துவம். எக்ஸ்ரே துறையைத் தேர்ந்தெடுத்தார். 1952-ல் ஒரிகன் மாநிலம் போர்ட்லேண்டில் இருந்த மருத்துவக் கல்லூரியில் ரேடியாலஜி துறைத் தலைவரானார். அப்போ அவருக்கு வயசு 32. நம்ம ஊர் கணக்கில் ஹெச்.ஓ.டி. பதவிக்கு அது பால்வாடி வயசு. சாகும்வரை, 33 வருஷம், அதே நாற்காலி.

அந்தக் காலத்தில் ரேடியாலஜிஸ்ட் என்றால் படம் எடுத்துக் கொடுப்பவர், அவ்வளவுதான். படத்தைப் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டியது சர்ஜன். டாட்டருக்கு இந்த எல்லைக்கோடு பிடிக்கவே இல்லை. 1963-ல் ஒரு நோயாளியின் வயிற்று ரத்தக்குழாயைப் படம் எடுக்க, தொடை வழியாக மெல்லிய குழாயை மேலே ஏற்றினார். இடுப்பில் ஒரு தமனி அடைத்திருந்தது. அவருடைய குழாய் அந்த அடைப்பைத் தற்செயலாகத் துளைத்துக்கொண்டு மேலே போய்விட்டது. வேற யாராவது என்றால் ஐயோ என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேஸுக்குப் போயிருப்பார்கள். டாட்டர் அங்கேயே நின்று யோசித்தார். தெரியாமல் செய்தது இவ்வளவு சுலபமாக முடிந்தால், தெரிந்தே செய்தால் என்ன?

அதே வருஷம் செக்கோஸ்லோவாகியாவில் கார்லோவி வாரி நகரத்தில் ஒரு ரேடியாலஜி மாநாடு. படம் எடுக்கப் பயன்படும் இதே குழாயை வைத்து வைத்தியமும் செய்யலாம் என்று அங்கே பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ப்ராக் நகரத்து டாக்டர் யோசஃப் ரோஷ். இவர் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

1964 ஜனவரி 16. 82 வயசுப் பாட்டி ஒருவர். கால் விரல்கள் அழுகத் தொடங்கிவிட்டன. காலை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள் சர்ஜன்கள், பாட்டி முடியவே முடியாது என்றார். டாட்டர் தொடைத் தமனியில் இருந்த சுருக்கத்துக்குள் ஒரு கம்பியை நுழைத்து, அதன் மேல் ஒரு குழாய், அதற்கும் மேல் இன்னும் தடிமனான குழாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்தி விரித்தார். கால் சூடேறியது, புண் ஆறியது. ரெண்டு வருஷத்துக்கும் மேல், கடைசி நாள்வரை பாட்டி சொந்தக் காலில்தான் நடந்தார்.

சர்ஜன்கள் கைதட்டினார்களா? இல்லை. அவரிடம் நோயாளியை அனுப்பிய ஒரு சர்ஜன், படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயலவே வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதி அனுப்பியதுண்டு. லைஃப் பத்திரிகையில் கண்ணை உருட்டிக்கொண்டு அவர் வேலை செய்யும் படங்கள் வந்தன. கிறுக்கு சார்லி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் நடந்துகொண்ட விதமும் அதற்குத் தோதாத்தான் இருந்தது, அதையும் சொல்லணும். ஒரு பைப்பும் ஸ்பேனரும் குறுக்கே கிடக்கிற படத்தைத் தன் அடையாளம் மாதிரி வரைந்து வைத்திருந்தார். பிளம்பர் என்று கிண்டல் செய்தால் ஆமாம் என்பார்.

டூல்ஸ் விஷயத்தில் அவர் நம்ம ப்ராஜெக்ட் பசங்க மாதிரி. கிட்டார் கம்பி, வோக்ஸ்வாகன் காரின் ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ரத்தக்குழாய்க்குள் விடும் வழிகாட்டிக் கம்பியாக மாற்றப் பார்த்தார். சிகாகோ மாநாடு ஒன்றில் பில் குக் என்ற இளைஞர் சின்ன ஸ்டால் போட்டு டெஃப்லான் குழாயைச் சூடாக்கி வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். டாட்டர் அவரிடமே டார்ச்சையும் குழாயையும் கடன் வாங்கி, ஹோட்டல் ரூமுக்குக் கொண்டுபோய், ராத்திரி உட்கார்ந்து குழாய்கள் செய்து, காலையில் திருப்பிக் கொடுத்தார். குக் அவற்றை ஸ்டாலில் விற்றே விட்டார். அந்தக் குக் பின்னாளில் கட்டிய கம்பெனி மருத்துவக் கருவித் துறையில் எவ்வளவு பெரிசு என்று தேடிப் பாருங்கள்.

இனி ரோஷ். டாட்டரின் அழைப்பில் 1967-ல் போர்ட்லேண்ட் வந்தார். அடுத்த வருஷம் சோவியத் டாங்குகள் ப்ராக்குக்குள் நுழைந்தன, ரோஷ் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். கலிஃபோர்னியாவில் ஹனஃபி என்ற ரேடியாலஜிஸ்டோடு சேர்ந்து நாய்களில் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். கழுத்துச் சிரை வழியாக ஊசியைக் கல்லீரலுக்குள் இறக்கிப் பித்தக்குழாயைப் படம் எடுப்பது திட்டம். ஊசி அவ்வப்போது தவறிப்போய்ப் போர்ட்டல் சிரையைக் குத்தியது. இவர்கள் பள்ளிக்கூடமே அப்படி, தவறு நடந்தால் உட்கார்ந்து பார்ப்பார்கள்! கழுத்திலிருந்து போர்ட்டல் சிரைக்கு வழி இருக்கிறது என்றால், அந்த வழியையே விரித்து, ஒரு குழாயை விட்டு, அடைபட்ட ஃபில்டருக்குள்ளேயே பைபாஸ் போட்டால் என்ன? 1969-ல் இது கட்டுரையாக வெளிவந்தது. விரிக்கும் முறை டாட்டர் பாட்டியின் காலில் செய்ததன் வாரிசு.

அதுவரை இந்த ரத்தப்போக்குக்கு என்ன வைத்தியம்? 1950-லிருந்து செங்ஸ்டேக்கன், பிளேக்மோர் இருவரின் பெயரில் ஒரு பலூன் குழாய் இருந்தது. வாய் அல்லது மூக்கு வழியாக இறக்கி, ஊதி, உடைந்த சிரைகளை அழுத்திப் பிடிக்கும். காற்றை இறக்கினால் பல பேருக்குத் திரும்பவும் ரத்தம் வரும். இல்லையென்றால் வயிற்றைத் திறந்து போர்ட்டல் சிரையை வேறொரு பெரிய சிரையோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன். கல்லீரல் கெட்டு, ரத்தமும் இழந்த ஆள் அதைத் தாங்குவாரா? பலர் தாங்கவில்லை.

சரி, ஐடியா கிடைத்துவிட்டதே, ஏன் உடனே மனிதருக்குச் செய்யவில்லை? மெட்டீரியல் இல்லை. கல்லீரல் திசு ஸ்பாஞ்ச் மாதிரி, போட்ட வழி சீக்கிரமே மூடிக்கொண்டது. உள்ளிருந்து விரித்துத் தாங்க ஒரு சாரம் வேண்டும். டாட்டர் அதே 1969-ல் ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய கம்பியை நாயின் கால் தமனிக்குள் வைத்துப் பார்த்த கட்டுரையை வெளியிட்டார். இன்று நாம் ஸ்டென்ட் என்று சொல்வதன் ஆரம்பப் படிகளில் அது ஒன்று. ஆனால் கல்லீரலுக்குள் போடும் அளவுக்கு அது வளர இன்னும் பல வருஷம் ஆனது.

அதே 1969-ல் டாட்டருக்கு ஹாட்ஜ்கின் புற்றுநோய் வந்தது. பிறகு இதய ஆபரேஷன்களும். ஆள் அடங்கவில்லை. அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேற்பட்ட 67 சிகரங்களை ஏறி முடித்தவர் அவர். அவருடைய குழாய் முறையை ஐரோப்பாவில் மதித்து, அதற்கு டாட்டர் என்றே வினைச்சொல் வைத்தார்கள். சொந்த நாட்டில்தான் தாமதம். க்ரூன்ட்ஸிக் பலூனைச் சேர்த்து 1977-ல் இதயத் தமனியை விரித்துக் காட்டிய பிறகுதான் அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. 1978-ல் நோபல் பரிசுக்கு டாட்டர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை. எனக்கு இதில் இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு.

1982-ல் டொரண்டோவில் கோலாபின்டோ மனிதருக்கே பலூனை வைத்து அந்தக் கல்லீரல் வழியை விரித்தார். சாரம் இல்லாததால் அது நிலைக்கவில்லை. 1985 பிப்ரவரி 15-ல் டாட்டர் இறந்தார், வயசு 64. அதே வருஷம் பால்மாஸ் நாய்களில் தன் உலோக ஸ்டென்டை வைத்து அந்த வழி திறந்து நிற்பதைக் காட்டினார். 1987-ல் ரோஷ் குழுவும் போர்ட்லேண்டில் வேறு வகை ஸ்டென்டோடு அதைச் செய்தது. 1988-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் முதன்முதலாக ஒரு மனிதரின் கல்லீரலுக்குள் ஸ்டென்டோடு பைபாஸ் போட்டார்கள். இதைத்தான் டாக்டர்கள் இப்போது டிப்ஸ் என்கிறார்கள்.

இன்றைக்கு ரத்தவாந்தியோடு வருபவருக்கு முதலில் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, ஆன்டிபயாட்டிக், எண்டோஸ்கோப் வழியாக வீங்கிய சிரைக்கு ரப்பர் வளையம். இரைப்பைச் சிரை என்றால் பசை ஊசி. இவற்றுக்கு அடங்காதபோதும், திரும்ப உடையும் அபாயம் அதிகமுள்ள சிலருக்கு முன்கூட்டியேயும் டிப்ஸ். 8 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டம் போதும், அழுத்தம் சட்டென்று இறங்கும். ஆனால் எந்த டிசைனிலும் ஒரு விலை உண்டு இல்லையா? ஃபில்டரைத் தாண்டிப் போகிற ரத்தம் சுத்தமாகாமல் மூளைக்குப் போகும். அம்மோனியா ஏறி சிலருக்குப் புத்தி குழம்பும். குழாயை அகலமாகப் போட்டால் ரத்தப்போக்கு நிற்கும், குழப்பம் கூடும். குறுக்கினால் நேர்மாறு. அந்த மில்லிமீட்டர் கணக்கை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1990-ல் போர்ட்லேண்டில் டாட்டர் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ரோஷ்.