எர்லாங் என்னும் கணிதப் புலவர்

இணையப் பக்கங்களை ஆக்கித் தரும் ஸெர்வரில் பல பிராஸஸ்களை நிறுத்துவதா, ஒரே பிராஸஸினுள் பல திரெட்டுக்களை ஓட்டுவதா என்று கணினி பயிலும் மாணவர் வழக்காடுவதை யாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். அவ்வழக்கிற்கு அடிப்படையான வினாவை, கணினி தோன்றுமுன்னரே ஆராய்ந்தவர் ஆக்னர் கிராருப் எர்லாங்.

டென்மார்க்கு தேசத்து ஜட்லாந்துப் பகுதியிலுள்ள சிற்றூரொன்றில், பள்ளியாசிரியரின் புதல்வராக 1878-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் இவர் பிறந்தார். 14-ஆம் பிராயத்திலேயே, வயது போதாமையால் விசேஷ அனுமதி பெற்று, கோபன்ஹேகன் சர்வகலாசாலையின் பூர்வாங்கப் பரீட்சையிற் சிறப்பாகத் தேறினார். 1901-இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் பள்ளிகளிற் கற்பித்தார். பின்னர், கணித சங்கத்திற் பழக்கமான யென்சென் என்பவரின் தொடர்பால், 1908-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியிற் சேர்ந்தார்.

பேச விரும்புவோர் எந்நொடியில் வருவரென்பதை யாரறிவார்? கம்பிகள் மிகுந்தாற் பொருள் விரயம். குறைந்தாலோ அழைத்தவர் ஏமாந்து போவர். ஒன்றையொன்று சாராது வரும் அழைப்புக்கள் பாய்ஸான் விதிக்கு உட்பட்டன என்று 1909-இல் எர்லாங் காட்டினார். 1917-இல் அழைப்பிழப்புக்கும் காத்திருப்புக்கும் சூத்திரங்கள் வகுத்தார். எல்லா அழைப்புக்கும் இடங்கிடைப்பின் சராசரியாக எப்பொழுதும் ஒரு கம்பி நிறையும் என்னும் அளவிற்குப் பேச்சு வருவதாகக் கொள்வோம். அப்போது கம்பி 1 ஆயின் அழைப்பிற் பாதி வீணாகும். 2 ஆயின் ஐந்திலொன்று. 3 ஆயின் பதினாறிலொன்றே. அன்றியும், அவ்வளவு பேச்சுடைய தனிக்கம்பிகள் இரண்டைப் பொதுவாக்கிவிட்டால், பாதியாயிருந்த இழப்பு ஐந்திலிரண்டாகக் குறையும். புதிதாக ஒரு கம்பியும் வாங்க வேண்டுவதில்லை!

ஏட்டுக் கணக்கோடு அவர் அமர்ந்துவிடவில்லை. மின்னொழுக்கை அளக்கத் துணையாட்கள் இன்மையால், ஏணி சுமந்த தொழிலாளியொருவருடன் வீதிதோறுஞ் சென்று, நிலத்தடிக் குழிகளில் இறங்கித் தாமே அளவெடுத்தார். சூத்திரங்களினும் இதனையே யாம் பெரிதாக மதிக்கிறோம்.

ஏறக்குறைய இருபதாண்டு ஊழியத்தில் நோயென்று விடுப்பெடுத்தறியாத அவர், 1929 ஜனவரியில் வயிற்று அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனை புகுந்து, பிப்ரவரி 3-ஆம் நாள் காலமானார். மணம் புரிந்திலர். 1946-இற் சர்வதேச டெலிபோன் சபையார் பேச்சளவின் அலகிற்கு அவர் பெயரையே இட்டனர்.

ஸெர்வரிலும் கணக்கு அதுவே. கம்பிக்கு ஈடாக நிற்பது பிராஸஸ் அல்லது திரெட்டு. திரெட்டுக்கள் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் அதே இடத்தில் மிகுதியாகக் கொள்ளும். ஆயின் ஒன்றின் பிழை அனைத்தையுங் கெடுக்கவல்லது. பிராஸஸோ நினைவகத்தை மிகுதியாக உண்ணும். எனினும் ஒன்று வீழ்ந்தால் மற்றவை பிழைக்கும். எத்தனைபேர் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் செல்கிறது என்று அளந்தறியாமல் இவ்விரண்டில் ஒன்றைப் போற்றுவது வீண்வாதமே. 1980-களில் எரிக்ஸன் கம்பெனியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கென ஒரு நிரல்மொழி இயற்றி, அதற்கும் எர்லாங் என்று பெயரிட்டனர். அம்மொழியின் பிராஸஸ்கள் திரெட்டினும் இலேசானவை. நினைவகத்தைப் பங்கிடாமற் செய்தி விடுத்தே உறவாடுவன. ஒரே கணினியில் இலட்சக்கணக்கில் ஓடுவன. ஒன்று வீழ்ந்தால், அதனைக் கண்காணிக்கும் மற்றொன்று உடனே அதனைத் திரும்பவும் தொடங்கிவைக்கும்.