பசல்ஜெற் கட்டிய வாய்க்காலும் பார்க்கிங் சனங்களும்

ஈஸ்ற்ஹாம் பக்கம் இருப்பவர்களில் பலர் மாலையில் நடக்கப் போகும் கிறீன்வே பாதை, நிலத்துக்கு மேலே ஒரு அணைக்கட்டுப் போல நீண்டு கிடக்கும். அந்த மேட்டுக்குள்ளே ஓடுவது லண்டனின் கழிவுநீர். சுமார் 160 ஆண்டுகளாக ஓடுகிறது. அதைக் கட்டியவர் சேர் ஜோசப் பசல்ஜெற்.

1819இல் என்பீல்டில் பிறந்தவர். பிரான்சிலிருந்து வந்து தையல் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர் அவருடைய பாட்டனார். ரயில் பாதை வேலைகளில் ஓய்வில்லாமல் உழைத்ததில் 1847இல் பசல்ஜெற்றின் உடல்நலம் குலைந்தது. தேறி வந்து லண்டன் கழிவுநீர் ஆணைக்குழுவில் சேர்ந்தார். 1856இல் புதிதாக அமைந்த மாநகர வேலைகள் சபைக்குத் தலைமைப் பொறியியலாளர் ஆனார்.

அப்போது தண்ணீர் ஊற்றிக் கழுவும் மலசலகூடம் லண்டனில் பரவிக்கொண்டிருந்தது. முன்பு வீட்டுக் குழிகளில் கிடந்ததெல்லாம் வாய்க்கால் வழியாகத் தேம்ஸில் விழுந்தது. அந்த ஆற்றிலேயே குடிநீரும் எடுத்தார்கள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எத்தனை அடி தூரம் என்று வேலிச் சண்டை பிடித்த ஊரிலிருந்து வந்த நமக்கு இதன் பயங்கரத்தை விளக்கத் தேவையில்லை. கொலரா திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் பசல்ஜெற்றின் திட்டம் காசையும், கழிவை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதையும் காரணம் காட்டி இழுபட்டுக்கொண்டே போனது. 1858 கோடையில் நாற்றம் பாராளுமன்றத்துக்குள் புகுந்தது. மருந்தில் நனைத்த திரைகளை யன்னல்களில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. சில வாரங்களில் சட்டம் நிறைவேறியது.

வேலை நேர்த்தியானது. ஆற்றுக்கு இணையாக மேற்கிலிருந்து கிழக்கே 82 மைல் பெருவாய்க்கால்கள், பெரும்பாலும் மைலுக்கு 2 அடி சரிவில் ஓடின. தாழ்ந்த இடங்களில் நீராவி இயந்திரங்கள் நீரை மேலே ஏற்றின. அப்போது பலர் நம்பத் தயங்கிய போர்ட்லண்ட் சீமெந்தைச் சோதித்துச் சோதித்தே பாவித்தார். 1866இல் கொலரா கடைசியாகத் தாக்கியது, அந்த வேலை முடியாதிருந்த கிழக்கு லண்டனைத்தான். அதற்குப் பிறகு லண்டனில் அப்படியொரு கொள்ளைநோய் வரவில்லை.

கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு இடறுவது இதற்கு அடுத்த பக்கம். சட்டம் கேட்டது, மாநகர எல்லைக்குள் ஆறு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே. ஆகவே வடகரைக் கழிவெல்லாம் எல்லைக்கு வெளியே, பார்க்கிங் அருகே பெக்டனில் தேக்கப்பட்டு, வற்றுநேரத்தில் ஆற்றில் திறந்துவிடப்பட்டது. எந்தச் சுத்திகரிப்பும் இல்லை. ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்கு மாற்றி எழுதிய கடன். பார்க்கிங் அப்போது மீன்பிடிக்குப் பேர்போன சிறிய ஊர். தங்கள் கரையில் அழுக்குச் சேறு சேர்கிறது என்று அங்குள்ளவர்கள் முறையிட்டார்கள். விசாரணையும் நடந்தது. வாய்க்காலின் வாய் இருந்த இடத்திலேயே இருந்தது. பசல்ஜெற் தன் சபையின் பக்கமே நின்றார். அவ்வளவு பெரிய மனிதர் அந்த ஊரின் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று நமக்குப் படுகிறது.

1878 செப்டெம்பர் 3ஆம் திகதி மாலை, பிரின்சஸ் அலிஸ் என்ற உல்லாசக் கப்பல் அந்தக் கழிவு வாய்களுக்கு அருகே வேறொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சற்று முன்னர்தான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. நீரில் மூழ்கியதோடு அந்த நீரின் நஞ்சும் சேர்ந்து கொன்றதா என்ற கேள்வி எழுந்தது. பார்க்கிங்காரர் பத்தாண்டுக்கு முன் சொன்னதை இப்போதுதான் லண்டன் காதில் வாங்கியது.

அரச ஆணைக்குழு ஒன்று 1884இல் திடக்கழிவைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று முடிவு சொன்னது. அதன்பிறகே பெக்டனில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து கழிவை அடியில் படியவைக்கும் முறை வந்தது. பசல்ஜெற் 1889இல் ஓய்வுபெற்று 1891இல் விம்பிள்டனில் காலமானார். படிந்த சேற்றைக் கடலுக்கு ஏற்றிச் செல்ல 1887இல் விட்ட முதல் கப்பலுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். லண்டனின் சேற்றைக் கப்பலேற்றிக் கடலில் கொட்டும் வழக்கம் 1998இல்தான் நின்றது.