ஸ்பார்க் பிளக் இல்லாத இன்ஜின்... நடுக்கடலில் காணாமல்போன ருடால்ஃப் டீசல்!

உங்கள் தெருவுக்குத் தக்காளி, வெங்காயம் கொண்டுவரும் பிக்கப் வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது கவனிச்சிருக்கீங்களா? கொஞ்சம் பழைய வண்டியாக இருந்தால், டிரைவர் சாவியைத் திருப்பியதும் செல்ஃப் அடிக்க மாட்டார். டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு ஆரஞ்சு லைட் எரியும். அது அணையும் வரை காத்திருப்பார். உள்ளே ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அர்த்தம். உங்கள் பைக்கில் இருப்பதுபோல நெருப்புப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் இந்த இன்ஜினில் கிடையாது. காற்றை நசுக்கி நசுக்கி, அதில் வரும் சூட்டிலேயே எண்ணெயை எரியவைக்கிற இன்ஜின் இது.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரரின் பெயரைத்தான் தினமும் பெட்ரோல் பங்க்கில் சொல்கிறோம். 'டீசல்' என்பது எண்ணெயின் பெயர் இல்லைங்க, ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

ருடால்ஃப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கு புத்தக பைண்டிங், தோல் பொருள்கள் செய்யும் தொழில். அப்பா செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. இன்றைய பாஷையில் டெலிவரி பாய். நேரம் கிடைத்தால் பாரிஸின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு ஓடிவிடுவான்.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. ஜெர்மன்காரர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் கையில் காசில்லை. 12 வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் கணக்கு வாத்தியார். போன ஓரிரு வருடங்களில், இன்ஜினீயர்தான் ஆவேன் என்று அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டான் பையன்.

மியூனிக் பாலிடெக்னிக்கில் அவருக்குக் கிடைத்த பேராசிரியர், குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்போன கார்ல் வான் லிண்டே. நீராவி இன்ஜின் எவ்வளவு மோசமாக எரிபொருளை வீணடிக்கிறது என்பது அந்த வகுப்பில்தான் அவர் மண்டையில் ஏறியது. எரிக்கிற நிலக்கரியில் பத்தில் ஒரு பங்கு சூடுகூட உருப்படியான வேலையாக மாறவில்லை. மீதியெல்லாம் வீணாகப் போனது. 1879-ல் டைஃபாய்டு வந்து கடைசித் தேர்வைத் தவறவிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் எழுதி, மிக நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தார். பிறகு லிண்டேவின் நிறுவனத்தில் ஐஸ் இயந்திர வேலை. 1883-ல் மார்த்தாவுடன் கல்யாணம், மூன்று குழந்தைகள். ஆனால் மனசு முழுக்க இன்ஜின்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவர் கனவு கண்டது பிரமாண்டமான இன்ஜினை அல்ல. நீராவி இன்ஜின் வாங்க பெரிய முதலாளிகளால்தான் முடியும். சின்னப் பட்டறை வைத்திருப்பவர், நெசவாளர், தச்சர் போன்றவர்களும் வைத்துப் பிழைக்கிற மாதிரி, செலவு குறைவான ஒரு இன்ஜின் வேண்டும் என்று நினைத்தார்.

1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிடைத்தது. தியரி எளிமையானதுதான். சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்க, சுடும். காற்றை நசுக்கினால் சூடாகும். அதையே இன்னும் பல மடங்கு நசுக்கினால் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தானாகப் பற்றிக்கொள்ளும். காகிதத்தில் அவர் போட்ட கணக்கு, வளிமண்டல அழுத்தத்தைப்போல 250 மடங்கு! உங்கள் கார் டயருக்குள் இருப்பது வெளிக்காற்றைவிட 2 மடங்கு அழுத்தம் கூடுதல், அவ்வளவுதான். அன்றைய இரும்பு வேலைக்கு 250 என்பது நடக்காத காரியம். போகப்போக அந்த எண்ணைப் பெருமளவு குறைத்துக்கொண்டார். எனக்கென்னவோ, அவர் இன்ஜினைக் காப்பாற்றியதே இந்த இறங்கிவந்த குணம்தான் என்று தோன்றுகிறது.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் செலவை ஏற்றுக்கொண்டன. 1893 ஆகஸ்ட் 10. சுமார் 3 மீட்டர் உயரத்துக்கு நின்ற ஒற்றை சிலிண்டர் இன்ஜினை, தொழிற்சாலை பெல்ட்டை மாட்டிச் சுழலவைத்து, உள்ளே பெட்ரோலைச் செலுத்தினார்கள். வெடித்தது. அழுத்தத்தைக் காட்டும் கருவி சிதறிப் பறந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தப்பியதே பெரிய விஷயம். வேறு யாராவதாக இருந்தால் கடையை மூடியிருப்பார்கள். ருடால்ஃபுக்கோ, நசுக்கிய காற்றில் எரிபொருள் தானாக எரிகிறது என்பது நிரூபணமாகிவிட்டது!

1894 பிப்ரவரி 17-ல் அந்த இன்ஜின் முதல்முறையாக யார் துணையும் இல்லாமல் சுற்றியது. நிமிடத்துக்கு 88 சுற்று. ஓடியது சுமார் ஒரே ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்திலிருந்து உருப்படியான இன்ஜினுக்கு வர மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் என்ன செய்தார்கள்? இன்றைக்கு எந்த டீசல் மெக்கானிக் செய்கிற வேலையோ, அதைத்தான்.

ஒரு பழைய பிக்கப்பை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் முதலில் புகையைப் பார்ப்பார். நீலமாக வந்தால் ரிங் தேய்ந்து இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் நாசில் சரியாகத் தூவவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. காலையில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆக மறுத்தால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், ஹீட்டர் பிளக் செத்திருக்கலாம். காற்று கசிந்தால் சூடு இல்லை, சூடு இல்லையென்றால் நெருப்பு இல்லை. ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் போராடியதும் இதே மூன்றோடுதான். பிஸ்டன் இடுக்கில் கசிவு, வால்வில் கசிவு, எண்ணெய் தூவும் முனையில் அடைப்பு. எண்ணெயை மட்டும் தனியாகத் தள்ளினால் சரியாகத் தூவவில்லை. அதனால், ஒரு கம்ப்ரஸரை வைத்து அழுத்தமான காற்றோடு சேர்த்து ஊதித் தள்ளினார். வேலை செய்தது. ஆனால் இன்ஜின் கூடவே ஒரு கம்ப்ரஸரையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதாயிற்று.

1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அதிகாரபூர்வமாகச் சோதித்தார். எரிபொருளின் சக்தியில் 26.2 சதவிகிதம் வேலையாக மாறியது. அன்றைய உலகத்தில் இதற்குப் பக்கத்தில் வர எந்த இன்ஜினும் இல்லை. அந்த இன்ஜினை மியூனிக்கில் இருக்கும் டாய்ச்சஸ் மியூசியத்தில் இப்போதும் பார்க்கலாம். பணம் கொட்டியது. அமெரிக்க பீர் அதிபர் அடால்ஃபஸ் புஷ், தன் நாட்டுக்கான உரிமையை 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். தள்ளுவண்டி தள்ளிய பையன் கோடீஸ்வரர்!

சோதனைக்கூடத்தில் நிபுணர்கள் பார்த்துக்கொண்டால் ஓடும் இன்ஜின் வேறு, வாங்கியவர் இடத்தில் தினமும் ஓட வேண்டிய இன்ஜின் வேறு. 1898-ல் கெம்ப்டன் நகரின் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 60 குதிரைத்திறன் இன்ஜினை விற்றார்கள். ஓடும், நிற்கும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் பெயரில் தொடங்கிய தனித் தொழிற்சாலையின் இன்ஜின்களும் புகாரோடு திரும்பி வந்தன. அந்தத் தொழிற்சாலை சீக்கிரமே உற்பத்தியை நிறுத்தியது. இன்னொரு பக்கம், அவருடைய கண்டுபிடிப்பு காப்புரிமையில் சொன்னபடி இல்லை என்று போட்டியாளர்கள் வழக்கு போட்டார்கள். தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு. 40 வயதில் மியூனிக்கில் ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார்.

அவர் படுக்கையில் இருந்த காலத்தில் இன்ஜினைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலை ஆட்கள். குறிப்பாக, இம்மானுவேல் லாஸ்டர் என்ற இன்ஜினீயர். ஒவ்வொரு கோளாறாகக் கழற்றிப் பார்த்து, பாகம் பாகமாகத் திருத்தினார்கள். லாஸ்டர் பெயரில் எந்த எண்ணெயும் விற்கவில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் டீசல் பெயரிலும் விற்றிருக்காது.

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. ஆமாம், நம் வீட்டு வடைச் சட்டியில் ஊற்றுகிற அதே எண்ணெய்தான். 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் இன்ஜினோடு பெருங்கடலைத் தாண்டியது. இன்ஜின் ஜெயித்துவிட்டது. ஜெயித்தவர் கையில்தான் காசில்லை. காப்புரிமைக் காலம் முடிந்துபோயிருந்தது. மியூனிக்கில் கட்டிய மாளிகை, நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்ட முதலீடுகள் என்று பணம் கரைந்துகொண்டே போனது. வெளியே கௌரவம், உள்ளே கடன். இ.எம்.ஐ கட்ட முடியாமல் சிரித்தமுகமாகத் திரிகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

1913 செப்டம்பர் 29 மாலை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் டிரெஸ்டன் கப்பலில் இரண்டு நண்பர்களோடு ஏறினார். நன்றாகச் சாப்பிட்டார்கள், பேசினார்கள். இரவு 10 மணிவாக்கில், காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த சுவடே இல்லை. இரவு உடை எடுத்துவைத்தபடியே கிடந்தது. கடிகாரம், படுத்தபடி பார்க்கிற மாதிரி மாட்டியிருந்தது. அவருடைய தொப்பியும் மடித்த கோட்டும் மேல்தளத்தில், கம்பித் தடுப்புக்கு அருகில் இருந்தன.

சில நாள்கள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் மிதந்த உடலைக் கண்டார்கள். பையிலிருந்த மாத்திரைப் பெட்டி, பேனாக்கத்தி, கண்ணாடிக் கூடு போன்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருள்களை அடையாளம் காட்டியவர் அவருடைய மகன் ஆய்கன். கிளம்புவதற்கு முன் ருடால்ஃப் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே 20,000 மார்க் ரொக்கமும், வங்கியில் எதுவுமே இல்லை என்று காட்டும் கணக்குத் தாள்களும் இருந்தன. டைரியில் செப்டம்பர் 29-ம் தேதிக்கு நேராக ஒரு சிலுவைக் குறி. கொலை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பையையும் டைரியையும் வைத்துப் பார்த்தால் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

அவர் இருந்தவரை, அந்த இன்ஜினை ஒரு லாரிக்குள் அடக்கவே முடியவில்லை. காரணம், அந்தக் கம்ப்ரஸர்தான். போன நூற்றாண்டின் 20-களில் ஜெர்மனியில் கம்ப்ரஸர் இல்லாத டீசல் லாரிகள் வந்தன. 1927-ல் ராபர்ட் பாஷின் நிறுவனம், எண்ணெயை மட்டும் அளந்து அழுத்தித் தள்ளும் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் டீசல் இன்ஜின் சின்ன வண்டிகளுக்கு இறங்கி வந்தது. 2005-ல் நம் ஊரில் டாடா ஏஸ் வந்தபோது, இரண்டே சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின். மீன்கூடைக்காரரும் தண்ணீர் கேன் போடுபவரும் கடன் வாங்கியாவது அதை வாங்கினார்கள்.

இன்றைய காமன் ரெயில் பிக்கப்களில் எண்ணெய் 1,600 பார், அதற்கு மேலும்கூட அழுத்தத்தில் பாய்கிறது. நாசிலின் துளைகள் தலைமுடி அளவுக்குத்தான் இருக்கும். அதனால்தான் டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றச் சொல்லி, அதில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி மெக்கானிக்குகள் உயிரை வாங்குகிறார்கள். டேங்க்கைச் சொட்டுவரை காலி பண்ணி நடுரோட்டில் நின்ற பழைய டீசல் வண்டியைப் பார்த்தால், அவர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் நின்று பாருங்க. புதிதாக டீசல் ஊற்றினாலும் உடனே ஸ்டார்ட் ஆகாது. லைனுக்குள் புகுந்த காற்று முழுவதும் வெளியேற வேண்டும். நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கைப்பம்ப்பை அடித்துக்கொண்டே இருப்பார், குமிழி நின்று சுத்தமான டீசல் வழிகிற வரைக்கும்.