கற்காலம் கண்ட அறிஞர்

திருத்தணிகை, முருகப்பெருமான் கோயில் கொண்டருளிய குன்றுகளுள் சிறப்புடையது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற அத்தலத்தைப் பற்றித் தமிழ் மாணவர் அறியாதிருத்தல் அரிது. அக்குன்றிற்குக் கிழக்கே, நேர்கோட்டில் அளப்பின் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கொசத்தலையாற்றின் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் ஒன்று உளது. அங்கு அரண்மனை இல்லை, கல்வெட்டு இல்லை, வானளாவிய கோபுரமும் இல்லை. மழைநீர் அரித்த ஓடைக்கரையும் அதில் உருண்டு கிடக்கும் கற்களுமே உள. ஆயினும் உலகெங்குமுள்ள வரலாற்று அறிஞர் அவ்வூரின் பெயரை அறிவர். அக்கற்களின் பெருமையை முதன்முதல் உணர்ந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

ஃபுட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டனம் என்னும் ஊரில் பிறந்தார். இருபத்து நான்காம் வயதில், 1858ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் அலுவல் ஏற்றுச் சென்னைக்கு வந்தார். எவ்வெவ்விடத்தில் எவ்வகைப் பாறை உளது, நிலத்தடியில் கனிப்பொருள் உண்டா என ஆராய்ந்து வரைபடம் எழுதுவதே அவர்க்கு இடப்பட்ட பணி. பண்டை மாந்தரைப் பற்றி ஆராயுமாறு அரசு அவரைப் பணித்திலது. சம்பளம் பெற்றது பாறையைப் பார்ப்பதற்கு. புகழ் பெற்றதோ பாறையினிடையே மனிதனைப் பார்த்தமையால்.

1862ஆம் ஆண்டில் அவர் எலிசபெத்து பெர்சிவல் என்னும் நங்கையை மணந்தார். அவர்தம் தந்தையாராகிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தமிழுலகம் மறத்தற்கரியவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து நூலாக்கியவரும் அவரே. மாமனார் தமிழரின் சொற்களைத் திரட்டினார். மருகர் இந்நிலத்தின் கற்களைத் திரட்டினார். இருவரும் திரட்டியவை, அருகிலேயே இருந்தமையால் பிறர் பொருட்படுத்தாது விட்ட பொருள்களே.

மனித குலத்தின் பழமை குறித்து அந்நாளில் ஐரோப்பாவில் பெரியதொரு வழக்கு நிகழ்ந்துகொண்டிருந்தது. பிரான்சு நாட்டில் சோம் என்னும் ஆற்றின் படுகையில், இனமே அழிந்துபட்ட விலங்குகளின் எலும்புகளோடு கல்லாயுதங்களும் புதைந்து கிடந்தன. அவை தொன்மாந்தர் செய்தவை என்று பூசே தெ பெர்த் என்னும் சுங்க அலுவலர் பல்லாண்டுகள் கூறிவந்தும் அறிஞர் பலர் செவிசாய்த்திலர். 1859ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து சென்ற நிலவியலார் சிலர் நேரிற்கண்டு அவர் கூற்று உண்மையென ஏற்றனர். இச்செய்தி ஃபுட்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆங்குக் கிடைத்தவை போன்றவை ஈண்டும் கிடைத்தல் கூடுமன்றோ என்னும் எண்ணம், அவர் சென்றவிடமெல்லாம் உடன் சென்றது.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் படைவீரர் அணிவகுக்கும் திடலில் சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றை ஃபுட் பார்வையிட்டார். வெளியே கொட்டிக் கிடந்த கற்களுள் ஒன்று அவர் கண்ணை ஈர்த்தது. அதன் இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டிருந்தன. விளிம்பு கூர்மையாய் இருந்தது. நீரில் உருண்ட கல் வழவழப்பாகும். விழுந்துடைந்த கல் ஓரிரு முகமே காட்டும். இக்கல்லிலோ ஒரு தட்டுக்கு அடுத்த தட்டு ஒழுங்காக விழுந்திருந்தது. கருதிச் செய்த கையொன்று அதன்பின் இருத்தல் வேண்டும் என அவர் தெளிந்தார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவியென அறியப்பட்ட முதற் கல் அதுவே. அப்போது அவர்க்கு வயது இருபத்தெட்டு.

ஒரு கல் போதுமா? போதாது. தற்செயலாய் உடைந்தது என ஒருவர் சொல்லின் விடை கூறல் எளிதன்று. ஆதலின் ஃபுட் மேலும் தேடினார். அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரோடு அத்திரம்பாக்கத்து ஓடைக்கு வந்தார். ஆங்கே ஒன்றன்று, இரண்டன்று, கைக்கோடரிகள் பலவாகக் கிடைத்தன. ஐயம் நீங்கியது. அவற்றிற் பெரும்பாலானவை குவார்ட்சைட்டு என்னும் உறுதிமிக்க கல்லால் ஆனவை. அக்கல் அயலிலுள்ள அல்லிக்குழி மலைத்தொடரில் மிகுதியாய்க் கிடைக்கும். கல்லும் நீரும் ஓரிடத்தே அமைந்தமையால் தொன்மாந்தர் அவ்விடத்தை விரும்பினர் போலும்.

சென்னை, வடஆர்க்காடு மாவட்டங்களில் செம்பூராங்கல் நிலங்களிற் கிடைத்த கருவிகளைப் பற்றி ஃபுட் எழுதிய கட்டுரை 1866ஆம் ஆண்டில் வெளிவந்தது. திருத்தணிகையும் அக்காலத்தில் வடஆர்க்காட்டைச் சார்ந்ததே. பின்னர் 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுட் சேர்ந்து, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மீண்டும் தமிழ்நாட்டோடு இணைந்தது. இந்த எல்லைகள் யாவும் நேற்று வரையப்பட்டவை. அக்கைக்கோடரிகளோ எல்லையின் இருபாலும் பரவிக் கிடக்கின்றன. அவற்றைச் செய்தவர் தமிழரோ தெலுங்கரோ என வினவுதல் பொருந்தாது. அம்மொழிகள் தோன்றுதற்குப் பல்லாயிரம் நூற்றாண்டுகள் முற்பட்டவர் அவர்.

கல்லாயுதம் என்றவுடன் அறிவில்லாக் காட்டுமாந்தரை நினைத்தல் பலர்க்கு இயல்பு. அது பிழை. ஸ்பெயின் நாட்டார் 1519ஆம் ஆண்டில் மெக்சிகோவிற் புகுந்தபோது, ஏரி நடுவே மாநகர் அமைத்து வாழ்ந்த ஆஸ்டெக்கு மக்களிடம் இரும்பு இல்லை. எரிமலைக் கண்ணாடிக் கல்லே அவர்க்கு வாளும் கத்தியும் ஆயிற்று. அவர்க்கு முன்னரே மாயர் என்னும் மக்கள் இரும்பின் துணையின்றிக் கற்கோயில்கள் எழுப்பினர், எழுத்தறிந்தனர், வானிலைக் கோள்களின் கதியைக் கணக்கிட்டனர். காடு மூடிய மாயர் நகரங்களை ஐரோப்பியர் வியந்து படித்ததும், கொசத்தலைக் கரையில் ஃபுட் கல்லெடுத்ததும் ஒரே நூற்றாண்டில்தான். ஆனால் மாயர்க்குப் பேச எழுத்து இருந்தது. அத்திரம்பாக்கத்தார்க்கு அவர்தம் கல்லையன்றி வேறு வாய் இல்லை. அதனால் அக்கல்லைப் படிக்கவல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

ஃபுட் முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுப்பணியில் தென்னாடு முழுவதும் திரிந்தார். தார்வார் பாறைத்தொகுதியே தென்னிந்தியாவிற் பொன் விளையும் பாறை என எடுத்துக்காட்டினார். 1884ஆம் ஆண்டில் கர்நூல்பகுதிப் பில்லசுர்க்கம் குகைகளை அகழ்ந்தார். அவ்வேலையில் அவர் மகனும் துணைநின்றார். திருநெல்வேலிச் சீமையின் தேரி மணலிற் சிறு கற்கருவிகளைக் கண்டார். 1891இல் ஓய்வு பெற்றபின்னும் ஓய்ந்திலர். பரோடா, மைசூர் ஆகிய சமஸ்தானங்களின் நிலவியற் பணியை ஏற்றார். பின்னர் ஏற்காட்டில் வாழ்ந்தார். நானூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவர் திரட்டிய கருவிகளையும் மட்கலங்களையும் 1904ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்குப் பெற்றது. ஒவ்வொரு பொருளும் எவ்வூரில் எடுக்கப்பட்டது என அவர் குறித்து வைத்திருந்தார். பொருளைத் திரட்டுவோர் பலர். இடத்தைக் குறிப்போர் சிலர். இடம் அறியாக் கல் அழகுப் பொருளாகலாம், சான்றாகாது.

தம் தொகுப்பைப் பற்றிய விளக்கநூல்கள் அச்சேறுமுன், 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், ஃபுட் கல்கத்தாவில் காலமானார். அந்நூல்கள் 1914, 1916ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ஏற்காட்டுத் தேவாலயத்தில் அவர்க்கு நினைவுச்சின்னம் உண்டு.

அக்கற்கள் மிகப் பழையவை என்பதை ஃபுட் அறிவார்; எத்தனை ஆண்டுப் பழமை என்பதைக் கணிக்கும் வழி அவர் காலத்தில் இல்லை. அவ்வழி ஒரு நூற்றாண்டு கழிந்தே கிட்டியது. வானிலிருந்து வரும் கதிர்கள் நிலத்தின் மேலுள்ள கல்லில் அரிய அணுக்கள் சிலவற்றை உண்டாக்கும். கல் புதைந்தபின் அவை ஒரு கணக்கிற்கு உட்பட்டுத் தேயும். எஞ்சியதை அளந்தால் புதைந்த காலம் விளங்கும். சாந்தி பப்பு என்னும் அறிஞர் தம் குழுவினரோடு 1999ஆம் ஆண்டு முதல் அத்திரம்பாக்கத்தை அகழ்ந்து, இம்முறையால் ஆராய்ந்து, அடியடுக்கின் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையுடையன என 2011இல் வெளியிட்டார். விலங்குகளின் பற்களும் குளம்படிகளும் ஆங்குக் கிடைத்தன. கருவி செய்தோரின் எலும்பு கிடைத்திலது. மேலடுக்கில் சிறிய, நுட்பமான கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டன என 2018இல் அக்குழுவினர் அறிவித்தனர். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1985ஆம் ஆண்டில் பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே நிறுவிய அகழ்வைப்பகத்தில், அப்பள்ளத்தாக்கின் கைக்கோடரிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.