வில்பர்போர்ஸ் கண்ட ஓய்வு

தேர்வுகள் முடிந்து விடுமுறை நெருங்குங்கால் நம் உள்ளம் துள்ளுகின்றது. நெடுநேரம் உறங்கலாம், நண்பரைக் காணலாம், விரும்பிய நூல்களைப் படிக்கலாம் என்று பலவாறு எண்ணி ஊர் செல்கின்றோம். சின்னாட்கள் கழிந்தபின்னரோ, உறங்கியும் களைப்பு நீங்கவில்லை. பேசிக் களித்தும் மனம் அமைதியுறவில்லை. தேர்வின் முடிவைப் பற்றிய அச்சமும், பிறரை விஞ்சவேண்டும் என்னும் ஆசையும் புத்தகப் பெட்டியோடு நம்முடன் வீடு வந்து சேர்ந்துவிடுகின்றன. உடலுக்கு விடுமுறை கிடைத்தும் உள்ளத்திற்குக் கிடைக்காத காரணம் யாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் வில்லியம் வில்பர்போர்ஸ். அடிமை வாணிகத்தை ஒழிக்க அவர் உழைத்த உழைப்பை உலகம் அறியும். அவ்வுழைப்பைத் தாங்கி நின்ற ஓய்வை அறிந்தார் சிலரே. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இங்கிலாந்து தேசத்து ஹல் என்னும் துறைமுக நகரில், செல்வ வணிகர் ஒருவருக்கு மகனாக 1759ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்தார். கேம்பிரிட்ஜில் கல்வி பயின்ற காலத்தில் பாட்டிலும் நகைச்சுவைப் பேச்சிலும் சீட்டாட்டத்திலும் பொழுது போக்கினாரேயன்றி நூல்களில் ஆழ்ந்தாரல்லர். 21ஆம் வயதிலே பார்லிமெண்டு அங்கத்தினரானார். பிற்காலத்தில் முதன்மந்திரியாக விளங்கிய பிட்டு அவருக்கு உயிர்த்தோழர். மெலிந்த உடலும் மங்கிய பார்வையும் உடையவராயினும் அவர் வாய்திறந்தால் சபை முழுதும் செவிசாய்த்தது. செல்வம், நட்பு, புகழ் எல்லாம் இருந்தும் அவர் நெஞ்சில் நிறைவு மட்டும் இல்லை.

அந்நிறைவு அவரைத் தேடிவந்தது ஒரு விடுமுறையிலே என்பது நாம் கருதத்தக்கது. 1784இலும் 1785இலும் பார்லிமெண்டு கூடாத காலத்தில் ஐரோப்பாவிற் பயணஞ் செய்தபோது, தம் பழைய ஆசிரியராகிய ஐசக் மில்னரை உடன் அழைத்துச் சென்றார். வண்டியிற் செல்லும் நீண்ட வழியில் இருவரும் டாட்ரிஜ் என்பார் எழுதிய சமய நூலொன்றையும், பின்னர்க் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டையும் படித்தனர். இன்பப் பயணமாகத் தொடங்கியது ஆன்மப் பயணமாக முடிந்தது. தம் வாழ்நாளை வீணாக்கினோம் என்னும் துயரம் அவரை வாட்டியது. அரசியலைத் துறந்துவிடலாமா என மயங்கி, 1785ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜான் நியூட்டன் என்னும் குருவானவரை மறைவாகச் சென்று கண்டார். ஒருகால் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராயிருந்து மனந்திரும்பிய நியூட்டன், அவரைப் பொதுவாழ்விலேயே நின்று தேவனுக்கு ஊழியஞ் செய்யும்படி ஊக்கினார். துறவால் அன்று, உழைப்புக்கு நடுவிலே அமைதி காணவேண்டும் என்பது அன்றுமுதல் அவர் கொண்ட நெறியாயிற்று.

ஆயினும் அந்நெறி எளிதில் கைகூடவில்லை. 1787இல் அடிமை வாணிக ஒழிப்பைத் தம் பணியாக ஏற்றவர், அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே கொடிய நோயுற்றுச் சாவின் விளிம்பைக் கண்டார். அவர் எழ இயலாமையால் பிட்டே அவ்விஷயத்தைச் சபைமுன் வைக்க நேர்ந்தது. விண்டர்மியர் ஏரிக்கரையில் ரேரிக் என்னும் அழகிய மனையொன்றை அவர் வாடகைக்குக் கொண்டிருந்தார். மலையும் நீரும் சூழ்ந்த அவ்விடத்தில் இளைப்பாறக் கருதி 1788இல் சென்றவருக்கு, இடைவிடாது வந்த விருந்தினரால் தனிமையும் இல்லை, அமைதியும் இல்லை. ஆகவே அம்மனையை விட்டுவிட்டார். இடம் மாறினால் மட்டும் ஓய்வு வாராது என்பதை அவர் அங்கே கற்றனர் போலும்.

அவர் ஓய்வைக் கண்டது ஞாயிற்றுக்கிழமையிலே. அன்று அரசியல் அலுவலையும் வீண் விருந்தையும் விலக்கினார். ஆலய வழிபாடு, வேதவாசிப்பு, தனித்த ஜெபம், தம்மைத் தாமே சோதித்தல், குடும்பத்தாரோடு அளவளாவுதல் ஆகிய இவற்றிலே அந்நாள் கழிந்தது. 1801ஆம் ஆண்டு ஆடிங்டன் புதிய மந்திரிசபை அமைத்தபோது, வில்பர்போர்ஸுக்கும் ஒரு பதவி கிடைக்கும் என்னும் பேச்சு எழுந்தது. பதவியாசை அவருள்ளத்தில் புயலெனக் கிளம்பிற்று. அந்நிலையில் ஓய்வுநாள் வந்தது. தேவ சமுகத்தில் அமர்ந்து நோக்கியவருக்குப் பெரிதாகத் தோன்றிய பதவி சிறிதாகிவிட்டது, புயல் தணிந்தது. அன்றைய நாளின் நன்மையைத் தம் நாட்குறிப்பிலே நன்றியுடன் எழுதிவைத்தார். மலையடிவாரத்தில் நிற்போனுக்கு முன்நிற்கும் மரம் மலையையே மறைக்கும். சற்று விலகி நின்றால் இரண்டின் அளவும் விளங்கும். அத்தகைய விலகலே அவருக்கு ஓய்வுநாள்.

அவர் அடைந்த தோல்விகளை நோக்கின் இவ்வோய்வின் வலிமை புலப்படும். 1791இல் அவர் பக்கம் 88 வாக்குகளும் எதிர்ப்பக்கம் 163 வாக்குகளும் விழுந்தன. 1796இல் நான்கே வாக்குகளால் தோற்றார். ஆதரவாளர் சிலர் அன்றிரவு நாடகம் காணச் சென்றிருந்தனர்! மனமுடைதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ? அவரோ மீண்டும் மீண்டும் எழுந்தார். இறுதியில் 1807ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் 283 பேர் ஆதரிக்க, 16 பேரே எதிர்க்க, மசோதா காமன்ஸ் சபையில் பெருவெற்றி பெற்றது. முதுமையிலும் 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே லண்டன் வீதிகளில் நடந்து மனம் தேறினார் என்று அறிகின்றோம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கப்பலடியில் மக்கள் விலங்கிடப்பட்டுக் கிடக்க, இவர் ஒருநாள் அமைதியாயிருத்தல் தகுமோ? வேதங் கூறும் ஓய்வுநாட் கட்டளை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரியதன்று; வேலைக்காரனும் வேலைக்காரியும் அவனைப்போலவே இளைப்பாறவேண்டும் என்பதே அதன் கருத்து. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளுக்கு ஞாயிறும் ஓய்வாக இல்லை. வாரமெல்லாம் எஜமானனுக்கு உழைத்தவர்கள், தம் உணவுக்கான நிலத்தைத் திருத்தவும் சந்தைக்குச் செல்லவும் அந்நாளையே நம்பியிருந்தனர். 1823க்குப்பின் அடிமைகளின் நலங்கருதி எழுந்த சீர்திருத்தங்களுள் ஞாயிற்றுச் சந்தையை நீக்கி அவர்களுக்கும் ஓய்வளித்தல் ஒன்றாகும். தான் சுவைத்த ஓய்வைப் பிறருக்கும் விரும்புபவனே அதனை உண்மையாகச் சுவைத்தவன்.

வில்பர்போர்ஸ் குறையற்றவர் என்று நாம் கூறோம். தம் நாட்டுத் தொழிலாளர் சங்கமாகக் கூடுவதைத் தடுத்த 1799ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அவர் துணைநின்றார். தூரத்து அடிமையின் துயரம் கண்டவர் அருகிலிருந்த ஏழையின் துயரை முழுதும் காணவில்லை. எனினும் இந்தியர் அவருக்குக் கடமைப்பட்டோம். 1813ஆம் ஆண்டுக் கம்பெனிச் சாசனத்தின் வாயிலாக மிஷனெரிமாருக்கு இந்நாட்டின் கதவு திறக்கப் பாடுபட்டவருள் அவரே முதல்வர். நம்முடையது போன்ற கல்லூரிகள் எழுதற்கு அஃது ஒரு வழியாயிற்று.

1833ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அடிமை ஒழிப்பு மசோதா நிறைவேறுவது உறுதியாயிற்று என்னும் செய்தி, நோயுற்றிருந்த அவர் செவிக்கு எட்டியது. மூன்று நாட்களில் அவர் நித்திய இளைப்பாறுதலுள் பிரவேசித்தார். சுமார் எட்டு லட்சம் மக்கள் விடுதலை பெற அச்சட்டம் வழிசெய்தது.

நண்பர்காள், விடுமுறை வரும்போது நாமும் ஒரு சிறிது விலகி நிற்போமாக. வேதத்தைத் திறந்து, நம் அச்சங்களையும் ஆசைகளையும் தேவ சமுகத்தில் வைத்து, அவற்றின் உண்மை அளவைக் காண்போமாக. நாம் வீட்டிலிருந்து இளைப்பாறும்போது அடுக்களையில் ஓயாது உழைக்கும் அன்னையின் கைவேலையிற் பாதியை நாம் வாங்கிக்கொள்வோமாக. அவ்வாறு செய்வோமாயின், கல்லூரி மீண்டும் திறக்கும் நாளில் களைப்பின்றித் திரும்புவோம். நம்மால் இளைப்பாறினார் ஒருவரேனும் நம் இல்லத்தில் இருப்பர்.