நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார் (1861 – 1912)

ஐக்கிய அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில், கவென்டிஷ் என்னும் ஊரில், 1861 யூலை 7ஆம் திகதி ஒரு தச்சரின் மகளாக நெட்டி மரியா ஸ்டீவன்ஸ் பிறந்தார். ஆசிரியையாகவும் நூலகராகவும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். இடையில், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையின் நான்கு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் காலடி வைத்தது 1896இல். அப்போது வயது 35. இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து, பல வருடம் பிந்தி உயர்தரம் எழுதிய நம் சகோதரிகளுக்கு இதன் அருமை தெரியும். 1903இல் பிரின் மார் மகளிர் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

ஆண், பெண் எனப் பிள்ளை பிறப்பது எதனால்? தாயின் உணவு, உடற்சூடு என்றெல்லாம் அறிஞர்களே அக்காலத்தில் சொல்லிவந்தார்கள். அம்மையார் எடுத்துக்கொண்டதோ மாவில் வாழும் ஒரு வண்டு. நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பெண் வண்டின் கலங்களில் 20 பெரிய நிறமூர்த்தங்களைக் கண்டார்; ஆண் வண்டில் 19 பெரியவை, ஒன்று மிகச் சிறியது. விந்துகளில் பாதி அந்தச் சிறியதையும் மறுபாதி அதன் பெரிய சோடியையும் கொண்டிருந்தன. சிறியது சேர்ந்தால் ஆண், பெரியது சேர்ந்தால் பெண். இதை 1905இல் வெளியிட்டார். இன்று அவற்றை வை, எக்ஸ் என்கிறோம். மனிதரிலும் இதே முறைதான். ஆண்பிள்ளை பெறவில்லையென்று மருமகளைக் குறைசொல்லும் வாய்கள் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லையே!

அதே வருடம் எட்மண்ட் வில்சனும் தனியே இம்முடிவுக்கு நெருங்கி வந்தார். அவர் பெரும் பேராசிரியர். பெயரும் புகழும் பெரும்பாலும் அவர் பக்கமே போயின. பிரின் மார் கல்லூரி அம்மையாருக்கென ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை உருவாக்கியது. அதை ஏற்குமுன்பே, 1912 மே 4இல், மார்பகப் புற்றுநோயால் 50 வயதிற் காலமானார்.

அவர் திறந்த வழியில் 1961இல் ஆங்கிலேயப் பெண்மணி மேரி லயன் அடுத்த கேள்விக்கு விடை சொன்னார்: பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடுகிறது. எது அடங்குவது என்பது கலத்துக்குக் கலம் தற்செயல். கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த பூனை அநேகமாகப் பெண்ணாகவே இருப்பது இதனால்தான். அடங்கிய எக்ஸிலும் சில பரம்பரையலகுகள் விழித்தே இருக்கின்றன. லூபஸ் போன்ற நோய்கள் பெண்களை அதிகம் பீடிப்பதன் காரணத்தை ஆய்வாளர்கள் இன்று அங்கேயும் தேடுகிறார்கள்.