த்ரீ நாட் த்ரீ: போலீஸ் துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு வாட்ச் கடைக்காரர்! யார் இந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ?

மரக்கட்டை உடம்பு, நீளமான குழல், தோளில் மாட்ட ஒரு வார். பழைய தமிழ்ப் படங்களில் போலீஸ் என்றால் கையில் இதுதான் இருக்கும். ஸ்டேஷன் வாசலில் பாரா, கருவூலத்துக்குக் காவல், திருவிழா பந்தோபஸ்து, அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கில் வானத்தை நோக்கிச் சுடுவது என எல்லா இடத்திலும் பார்த்துப் பழகிய துப்பாக்கி. 'த்ரீ நாட் த்ரீ' என்பது ஏதோ ரகசியக் குறியீடு இல்லை. குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர். அவ்வளவுதான் பெயர்க் காரணம்.

மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஒத்திவாக்கத்தில் தமிழ்நாடு போலீஸின் துப்பாக்கிச் சுடும் தளம் இருக்கிறது. இன்று அங்கே பயிற்சி எடுக்கும் கமாண்டோக்களுக்கு 303 ஒரு தாத்தா காலத்துப் பொருள். ஆனால் தமிழ்நாட்டுக் காவலர்களில் பல தலைமுறை குறிபார்க்கக் கற்றுக்கொண்டது அதில்தான். அதன் முழுப்பெயர் லீ என்ஃபீல்டு. என்ஃபீல்டு, இங்கிலாந்தில் ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊர். லீ, ஒரு மனிதர்.

நேரம் பார்க்கும் வீட்டுப் பையன்

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-ல் ஸ்காட்லாந்தின் ஹாவிக் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, ஒன்டாரியோவின் கால்ட் என்ற ஊரில் தங்கியது. அப்பாவுக்கு வாட்ச், நகைத் தொழில். பையனும் அதையே கற்றார். அதோடு 12 வயதில், கிடைத்த பழைய கைத்துப்பாக்கிக் குழலை வைத்துத் தானே ஒரு துப்பாக்கி செய்துபார்த்தார். அது சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் ஆசை விடவில்லை.

1850-ல் சாத்தம் என்ற ஊரில் சொந்தமாக வாட்ச் கடை போட்டார், 1852-ல் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனார். கடைக்கு வரும் கடிகாரங்களின் ஸ்பிரிங்கையும் பற்சக்கரத்தையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணும் கையும்தான் அவருடைய மூலதனம். பின்னாளில் அவர் செய்ததை இதை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

பழைய துப்பாக்கிக்குப் புது உயிர்

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. சிப்பாய்கள் கையில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள், நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரிதான். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். நன்றாகப் பழகிய சிப்பாயே நிமிடத்துக்கு மூன்று தடவை சுட்டால் பெரிய விஷயம். அதுவும் படுத்துக்கொண்டு நிரப்புவது கஷ்டம், பெரும்பாலும் நின்றுகொண்டுதான் நிரப்ப வேண்டும், எதிரிக்கு நல்ல குறி.

லட்சக்கணக்கில் இருக்கும் இந்தத் துப்பாக்கிகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வதைவிட, இருப்பதையே பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற மாதிரி மாற்றினால் என்ன? லீயின் முதல் காப்புரிமையே இந்த மாற்று வேலைக்குத்தான். அதாவது, அவர் துப்பாக்கித் தொழிலுக்குள் நுழைந்தது கண்டுபிடிப்பாளராக என்பதைவிட, பழசை நவீனமாக்குகிற மெக்கானிக்காக.

யோசனை நன்றாக இருந்தது, வியாபாரம் படுத்தது. பின்னர் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு ராணுவம் 1,000 சிறு துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. தோட்டாவின் அளவு பற்றிய தகராறில் அந்த ஆர்டரும் கைநழுவியது. நிறுவனம் மூடப்பட்டது. இன்றைய ஸ்டார்ட்அப் பாஷையில் சொன்னால், முதல் பெரிய கிளையன்ட்டே காலை வாரிவிட்ட கதை.

ஒரு தகரப் பெட்டி

தோற்றுப்போனவர் நியூயார்க் மாநிலத்தின் இலியான் நகருக்குப் போய், ரெமிங்டன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1879-ல் அவர் காப்புரிமை வாங்கிய பொருள், பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்: அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன உலோகப் பெட்டி. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துப்பாக்கியின் வயிற்றில் செருகிவிடலாம். மேலே இருக்கும் போல்ட் நம் வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி. தூக்கி, இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். தள்ளினால் ஸ்பிரிங் தூக்கிக் கொடுக்கும் அடுத்த தோட்டா உள்ளே போகும். இன்று எல்லா வீடியோ கேமிலும் 'மேகசின்' என்று வருகிறதே, அதன் நேர் மூதாதை இந்தப் பெட்டி. வாட்ச் கடை ஸ்பிரிங் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

அமெரிக்க ராணுவம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டன் எடுத்துக்கொண்டது. 1888-ல் லீ மெட்ஃபோர்டு, 1895-ல் லீ என்ஃபீல்டு. பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு 15 தடவை குறிபார்த்துச் சுட வேண்டும் என்பது முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தின் எதிர்பார்ப்பு. மூன்று எங்கே, பதினைந்து எங்கே?

லீ 1904-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இறந்தார். அதே காலகட்டத்தில்தான் வங்காளத்தின் இஷாபூரில் அவருடைய துப்பாக்கியைச் செய்யப்போகும் தொழிற்சாலை எழுந்துகொண்டிருந்தது.

1,650 தோட்டா

அந்த வேகம் இந்தியாவுக்கு என்ன அர்த்தம் என்று 1919 ஏப்ரல் 13-ல் தெரிந்தது. ஜாலியன்வாலா பாக்கில் டயர் நிறுத்திய சிப்பாய்களில் 303 வைத்திருந்தவர்கள் 50 பேர். சுட்டது சுமார் 10 நிமிடம். செலவான தோட்டா 1,650. கணக்குப் போட்டால் ஆளுக்கு 33. அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள். காங்கிரஸ் சொன்ன எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். எந்திரத் துப்பாக்கி எதுவும் அங்கே சுடவில்லை. கையால் இழுத்துத் தள்ளும் தாழ்ப்பாளும் அந்தப் பெட்டியும் போதுமானதாக இருந்தன.

வேகமானதை மெதுவாக்கிய அரசு

இங்கேதான் கதை தலைகீழாகிறது. இதே துப்பாக்கி இந்தியக் காவலர்கள் கையில் இருக்க வேண்டும், ஆனால் ராணுவத்துக்குச் சமமாக இருக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு நினைத்தது. 1857-ன் பயம் போகவில்லை. அதனால் இஷாபூரில் லீ என்ஃபீல்டுகளை .410 மஸ்கட்டுகளாக மாற்றினார்கள். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகள் நீக்கப்பட்டு வழவழப்பாக்கப்பட்டன. மேகசின் இடத்தில் மரத்துண்டு வைத்து அடைக்கப்பட்டது. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால்தான் போட வேண்டும்.

வித்தியாசத்தை மாமல்லபுரத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். கடற்கரைக் கோயில் பக்கம் நின்று 303-ல் சுட்டால், குண்டு அர்ஜுனன் தபசுப் பாறையையும் தாண்டிப் போகும் சக்தி கொண்டது. அதன் குறிகாட்டியில் 2,000 கஜம் வரை அளவு உண்டு. .410-ல் பால்ரஸ் மாதிரி சின்ன ரவைகளைப் போட்டுச் சுட்டால், கோயிலைச் சுற்றியுள்ள புல்வெளியைத் தாண்டினாலே அதிகம். வெளித்தோற்றம் ஒன்றுதான். உள்ளே அதிகாரம் பிடுங்கப்பட்டுவிட்டது. லீ வாழ்க்கை முழுக்கச் சேர்த்ததைக் காசு கொடுத்துக் கழற்றியிருக்கிறார்கள்!

பொதுமக்கள் விஷயத்திலும் இதே சந்தேகம். ராணுவத் தோட்டா வெளியே கிடைக்கக் கூடாது என்பதால் .303 அளவு தனியாருக்குத் தடை. அதனால் பிறந்ததுதான் அதே போல்ட்டில் வேறு குழல் வைத்த .315. சுதந்திரத்துக்குப் பிறகும் அரசுத் தொழிற்சாலை அதைச் செய்து லைசென்ஸ்தாரர்களுக்கு விற்றுவந்தது. .303 இன்றும் தடைசெய்யப்பட்ட அளவுதான். ஆள்வோர் மாறினார்கள், அந்தச் சந்தேகம் மட்டும் அப்படியே தொடர்ந்தது.

மாற்றங்கள் அதோடு நிற்கவில்லை. செலவைக் குறைக்க .22 குழல் வைத்த லீ என்ஃபீல்டுகள் பயிற்சிக்கு வந்தன. என்.சி.சி-யில் இருந்த அப்பா, மாமாவிடம் கேளுங்கள், முதல் தடவை சுட்ட கதை நிச்சயம் வரும். குழலைச் சுற்றிக் கம்பி கட்டி, கையெறி குண்டு வீசவும் பயன்படுத்தினார்கள். 1962-ல் சீனாவுடன் நடந்த போரில் நம் வீரர்கள் பெரும்பாலும் 303-ஐ வைத்துக்கொண்டு, தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகளை எதிர்கொண்டார்கள். அந்த அடிக்குப் பிறகு இஷாபூர், வலுவான எஃகில் அதே வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 என்று வெளியிட்டது. ராணுவம் நகர்ந்துபோன பிறகும் பல மாநிலப் போலீஸிடம் இவை தங்கிவிட்டன.

2008 மும்பைத் தாக்குதலில் ஏகே 47-க்கு எதிராகக் காவலர்கள் கையில் பழைய 303 இருந்தது நாடு முழுவதும் கேள்வியானது. அப்படியும் உத்தரப்பிரதேச போலீஸ் அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான். வீரம் பற்றிப் பேசுவது சுலபம். 100 வருஷம் பழைய வடிவமைப்பைக் கொடுத்து அனுப்பியவர்கள் யார் என்பதை யாரும் அவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை.

வீட்டிலேயே மாற்றலாமா?

அமெரிக்கா, கனடா யூடியூப் சேனல்களில் பழைய லீ என்ஃபீல்டை வாங்கி, மரத்தைச் சீவி, டெலஸ்கோப் மாட்டி வேட்டைக்குத் தயாராக்கும் வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன. அங்கே போருக்குப் பிறகு மிச்சமானவை மலிவாகக் கடைக்கு வந்ததால் பிறந்த பழக்கம் அது. இந்தியாவில் கதையே வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, அதைத் தொழிலாக ரிப்பேர் செய்யவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும். குழலின் நீளத்தைக் குறைப்பதற்கும் அப்படித்தான். தாத்தா விட்டுப்போன துப்பாக்கி என்றாலும் இதே சட்டம்தான்.

லீ வளர்ந்த கனடாவில் அவருடைய துப்பாக்கிக்கு இன்னும் நீண்ட ஆயுள் கிடைத்தது. வட துருவப் பகுதியில் ரோந்து போகும் கனேடியன் ரேஞ்சர்ஸ் படை, பனிக்கரடியிடமிருந்து தப்பிக்க அண்மைக்காலம் வரை 303-ஐத்தான் சுமந்தது. கடும் குளிரில் நவீனத் துப்பாக்கிகள் உறைந்து மக்கர் பண்ணும்போது, இந்தத் தாழ்ப்பாள் வேலை செய்யும் என்பது அவர்கள் அனுபவம். 2010-களின் பிற்பகுதியில் புதுத் துப்பாக்கி வந்தபோது, உரிமம் உள்ள ரேஞ்சர்கள் பழையதைத் தங்களிடமே வைத்துக்கொள்ள அரசு அனுமதித்தது.